கிழக்கே நடந்த வாஷிங் மெஷின்

கொடுக்காப்பேட்டையில் செண்பகவடிவு டீச்சர் வீட்டு வாஷிங் மெஷின் படியிறங்கி நடந்த கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றுதான் ஆரம்பிப்பார்கள். உண்மையில் அது புதன்கிழமை, டீச்சர் வீட்டில் போர்வையும் தலையணை உறையும் துவைக்கிற நாள், ஆனால் புதன்கிழமை புறப்பட்ட சாமிக்கு யார் மாலை போடுவார்கள் என்று ஊர்க்கமிட்டி கூடிப் பேசி, கிழமையை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டது. ஊர் நினைத்தால் கிழமையைத் தள்ளிவைக்கும், மழையைத் தள்ளிவைக்கும், மனுஷனையும் தள்ளிவைக்கும். இது அந்த மூன்றாவதைப் பற்றிய கதை என்பது டீச்சருக்கே ஒன்பது வாரம் கழித்துத்தான் புரிந்தது.

அந்த மெஷின் வீட்டுக்கு வந்தது டீச்சருடைய வலது மணிக்கட்டுக்காக. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கரும்பலகையில் 'அ' எழுதி, வீட்டில் அதே முப்பது வருஷம் கல்லில் அடித்துத் துவைத்துப் பிழிந்ததில், மணிக்கட்டு ஒருநாள் ஈரத் துண்டைக்கூடப் பிழிய மாட்டேன் என்று நின்றுவிட்டது. இனி துணி பிழிந்தால் கை கரண்டி பிடிக்காது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். "எங்கம்மை எம்பது வயசு வரைக்கும் கல்லுலதான் தொவைச்சா" என்று வீட்டுக்காரர் வைத்தியலிங்கம் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு டீச்சர் அவருடைய பனியனை வாளியிலேயே ஊறவிட்டு, மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் மெஷின் வந்தது. முன்பக்கம் வட்டக் கதவு வைத்த மெஷின். அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது டீச்சருக்குக் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

ஏழாம் வருஷம் அது சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் முனகல், பிறகு உறுமல், கடைசியில் தண்ணீரை வடித்துத் துணியைச் சுழற்றி உதறுகிற கட்டத்தில், ஜல்லி ஏற்றிய லாரி வீட்டுக்குள் ஓடுகிற சத்தம். மெஷினுக்குப் பின்னால் செம்பழுப்பாக ஒரு நீர்க்கோடு தரையில் இறங்கியிருந்தது. டீச்சர் தேவசகாயத்தைக் கூப்பிட்டனுப்பினாள்.

தேவசகாயம் கீழக்காலனிக்காரர், ஐம்பது வயசு, கொடுக்காப்பேட்டையின் நான்கு தெருக்களிலும் சுற்றுகிற, சுடுகிற, குளிர்கிற எந்தச் சாமானும் அவர் கை படாமல் ஓடியதில்லை. தெருமுனைக் கொடுக்காப்புளி மரத்தடிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி, தூசி தட்டி, ஸ்பேனர்களோடு பைக்குள் போட்டுக்கொள்வார். அப்படிச் செய்யச் சொல்லி எந்தப் போர்டிலும் எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தால் யாராவது அழித்திருப்பார்கள். இரண்டு வருஷம் முன்பு டீச்சர் வீட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மோட்டார் வயரைத் தொட்டு, அவர் நான்கடி தூரம் போய் விழுந்தார். டீச்சர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள், பேப்பர் கப்பில். அந்த வீட்டில் அவருக்கென்றே ஒரு பாக்கெட் பேப்பர் கப் இருந்தது. சுத்தத்துக்காக என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள்.

தேவசகாயம் மெஷினின் கதவைத் திறந்து, உள்ளே கைவிட்டு, டிரம்மின் விளிம்பை மேலே தூக்கிப் பார்த்தார். டிரம் பல் ஆடுகிற மாதிரி ஆடியது.

"டிரம் பேரிங் போச்சு டீச்சர். ஆயில் சீல் கிழிஞ்சு தண்ணி உள்ள எறங்கியிருக்கு, கிரீஸையெல்லாம் கழுவிட்டுப் போயிருச்சு. இப்ப வெறும் துருவுலதான் சுத்துது."

"இங்கயே மாத்திரலாமா?"

"ஆவாது. டிரம்ம வெளிய எடுத்து, வெளித்தொட்டிய ரெண்டாப் பிரிச்சு, பழைய பேரிங்கத் தட்டி எடுத்துட்டுப் புதுச அமுக்கி ஏத்தணும். பட்டறைலதான் முடியும். காலைல வண்டில ஏத்திட்டுப் போனா சாயங்காலம் கொண்டாந்து போட்டிருவேன்."

பட்டறை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கீழக்காலனியில் இருந்தது. வைத்தியலிங்கம் விரித்த பேப்பருக்குப் பின்னாலிருந்து முகத்தைக் காட்டாமலே பேசினார்.

"அங்கயா? நாம உடுத்துற துணியப் போடுத சாமான அங்க கொண்டுபோயி, திரும்ப வீட்டுக்குள்ள ஏத்தவா? என்ன வடிவு, ஊருக்குத் தெரிஞ்சா?"

அந்த 'அங்க' யார் வீட்டைச் சொல்கிறதோ அந்த வீட்டுக்காரர் அங்கேதான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். டீச்சருக்குக் காது சுட்டது, ஆனால் வாய் திறக்கவில்லை. தேவசகாயம் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "இப்படியே ஓட்டாதிய டீச்சர். சுத்தும்போது எடத்த விட்டு நவுர ஆரம்பிக்கும். பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன வாக்கு பொய்க்கவில்லை. முதல் புதன்கிழமை மெஷின் பின்கட்டிலிருந்து நகர்ந்து அடுப்படி நிலைவரை வந்தது. பழுதான மெஷின் நகர்வது உலக வழக்கம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது புதன்கிழமை பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு, வயரும் தண்ணீர்க் குழாயும் வாலாகப் பின்னால் வர, கூடத்தைக் கடந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த வைத்தியலிங்கம் காலை மட்டும் தூக்கி வழிவிட்டார். கரண்ட் இல்லாமல் எப்படி ஓடியது என்று யாரும் கேட்கவில்லை, அந்த ஊரில் முக்கால்வாசிக் காரியம் கரண்ட் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது புதன்கிழமை அது மூன்று படியும் இறங்கித் தெருவுக்கு வந்து, கிழக்கே திரும்பி, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி, கர்ப்பிணி நடக்கிற நிதானத்தில் நடந்தது.

"டீச்சர், ஒங்க மெஷின் போவுதே" என்றாள் எதிர்வீட்டுக்காரி, கோலமாவுக் கிண்ணத்தோடு.

"ஆமா. புழிஞ்சுக்கிட்டு இருக்கு" என்றாள் டீச்சர். வேறு என்ன சொல்வது?

கொடுக்காப்புளி மரத்தடியில் சத்தம் அடங்கி அது நின்றது. உள்ளே போர்வை பிழிந்து முறுக்கி ரெடியாக இருந்தது. டீச்சர் அங்கேயே போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு பேரைக் கூப்பிட்டு மெஷினை வீட்டுக்குத் தூக்கிவரச் செய்தாள். நால்வரில் ஒருவருக்குப் பல வருஷமாக இருந்த இடுப்புப் பிடிப்பு, மெஷினைத் தூக்கிய குலுக்கலில் விட்டுவிட்டது. அவ்வளவு போதும் ஊருக்கு.

அடுத்த நாளே ஊர்க்கமிட்டித் தலைவர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி தலைமையில் கூட்டம் கூடி, இது சாதாரண மெஷின் இல்லை, தேர் ஓடி இருபது வருஷமான ஊரில் தானே புறப்பட்டு வந்திருக்கிற உற்சவம் என்று முடிவானது. தேர் ஓடாமல் போனதே வடத்தை எந்தத் தெரு முதலில் தொடுவது என்கிற தகராறில்தான் என்பதை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மெஷினுக்கு வடமே இல்லாதது எல்லோருக்கும் பெரிய நிம்மதி. தீர்மானங்கள் வரிசையாக வந்தன. புதன் வெள்ளியாயிற்று. மெஷின் வரும் வழியில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட வேண்டும் என்றார்கள். அதன் கழிவுக் குழாயிலிருந்து சொட்டுகிற சோப்புத் தண்ணீரைச் சொம்பில் பிடித்துத் தீர்த்தமாகக் கொடுத்தார்கள், குடித்தவர்கள் இரண்டு நாள் வாயில் சோப்புக் குமிழி விட்டுப் பேசினாலும் நாக்கு சுத்தமானதாகச் சொல்லிக்கொண்டார்கள். நான்காவது தீர்மானம்தான் முக்கியமானது: மெஷின் தெருவில் வரும்போது, ஆணோ பெண்ணோ, பெரியவரோ சின்னவரோ, அவரவர் இருந்த இடத்தில் எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, தோளில் துண்டு இருந்தால் இடுப்பில் கட்டி, மெஷின் கண்ணுக்கு மறைகிறவரை வாய்பேசாமல் நிற்க வேண்டும்.

மரியாதை என்று வந்துவிட்டால் முதல் மரியாதை யாருக்கு என்கிற கேள்வி வராமல் போகுமா? யாருடைய வேட்டி டிரம்முக்குள் முதலில் போவது என்று நான்கு தெருவும் ஒரு வாரம் முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் முதல் வேட்டி அண்ணாச்சியுடையது, அதன் பிறகு தெருவுக்கு மூன்று வேட்டி, உபயதாரர்களுக்கு ஒரு துண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். காணிக்கையாக வந்த சோப்புத்தூளை மனம்கோணாமல் அத்தனையும் கொட்டியதில், மேலத்தெருவில் முழங்கால் உயரத்துக்கு நுரை நின்று ஒரு கன்றுக்குட்டியைக் காணாமல் தேடினார்கள்.

வைத்தியலிங்கத்துக்கு மெஷின் உடையவர் என்கிற முறையில் பரிவட்டம் கட்டினார்கள். கூட்டுறவு சங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தும் யாரும் எழுந்து நாற்காலி கொடுக்காத மனிதருக்கு, தலையில் பட்டுத்துணி ஏறியதும் வீட்டில் தண்ணீர் கேட்கிற குரலே மாறிவிட்டது.

டீச்சர் மறுபடி கல்லுக்குப் போனாள். டிரம்முக்குள் அவளுடைய ஒரு கைக்குட்டைக்குக்கூட இடம் இல்லை. வலது கையால் முடியாமல் இடது கையால் அடித்து, துணியின் ஒரு முனையைக் கொய்யாக்கிளையில் கட்டி மறுமுனையை முறுக்கிப் பிழிந்தாள். மணிக்கட்டு வீங்கிச் சேப்பங்கிழங்காயிற்று. தெருவில் மேளம் போக, இவள் கொல்லையில் அழுதாள், வலியில் பாதி, எரிச்சலில் பாதி.

"ஏங்க, நம்ம மெஷின் நமக்குத் தொவைக்காதா?"

"சாமிகிட்டப் போயி நம்ம பாவாடையப் போடச் சொல்லுதியா? வாய அலம்பு வடிவு" என்றார் பரிவட்டக்காரர்.

இதற்கிடையில் ஒரு சங்கடம் ஒவ்வொரு வெள்ளியும் வளர்ந்துவந்தது. கொடுக்காப்புளி மரத்தடியில் உற்சவம் வலப்பக்கம் திரும்பி நான்கு தெருவையும் வலம் வர வேண்டும். மெஷினோ திரும்புவதாக இல்லை. அதற்கு நேர்கிழக்கே போக வேண்டும். நேர்கிழக்கே வாய்க்கால், வாய்க்கால் மேல் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் கீழக்காலனி. ஆகவே மரத்தடியில் எட்டுப் பேர் காத்திருந்து, இரண்டு மூங்கில் கழிகளை அடியில் கொடுத்து மெஷினைத் தோளுக்குத் தூக்கி, அது உறுமிக்கொண்டு கிழக்கே இழுக்க இழுக்க, தெற்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். ஏன் கிழக்கே இழுக்கிறது என்று கேட்டவர்களுக்கு, சூரிய நமஸ்காரம் என்று அண்ணாச்சி விளக்கம் சொன்னார். மேகம் மூடியிருந்த வெள்ளிக்கிழமையும் அது கிழக்கேதான் இழுத்தது. பக்தி அதிகம் என்றார்.

ஏழாவது வாரம் டீச்சர் வீங்கிய கையோடு கமிட்டிக் கூட்டத்துக்கே போய் நின்றாள். "அண்ணாச்சி, அதுக்கு டிரம் பேரிங் தேஞ்சிருக்கு. மாத்தணும். இல்லன்னா ஒடைஞ்சிரும்."

கூட்டம், ஏதோ மூலவருக்குப் பல் பிடுங்க வேண்டும் என்று சொன்னதுபோல அவளைப் பார்த்தது.

"அம்மா, நீங்க படிச்சவிய" என்றார் அண்ணாச்சி, பொறுமையாக. "சாமிக்கு யாராச்சும் பேரிங் மாத்துவாவளா? சத்தம் நின்னுட்டா அப்புறம் அது வெறும் மெஷின்தான? பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா குடமுழுக்கு வரும்லா, அப்பப் பேசிக்கிடுவோம். கைக்கு எண்ணெ தடவுங்க."

மினிட் புத்தகத்தில், பேரிங் பன்னிரண்டு வருஷம் தள்ளிவைக்கப்பட்டது.

ஒன்பதாவது வெள்ளிக்கிழமை விடிகாலையில் டீச்சர் ஒரு திருட்டு வேலை செய்தாள். அண்ணாச்சியின் எட்டு முழ வேட்டிக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், தன்னுடைய போர்வையைச் சுருட்டித் திணித்துவைத்தாள். அதை இடது கையால் துவைக்க அவளால் முடியாது, அவ்வளவுதான் காரணம். பத்து மணிக்கு மேளம் முழங்க மெஷின் படியிறங்கியது. வேட்டியும் துண்டும் ஊறிய போர்வையும் சேர்ந்து கனத்த கனத்தில் தெருவே அதிர்ந்தது. நான்காவது தீர்மானத்தின்படி ஊர் வெறுங்காலோடு வாய்பொத்தி நின்றது. மரத்தடியில் எட்டுப் பேர் கழி கொடுத்தார்கள். தூக்கிய வேகத்தில் இரண்டு கழியும் ஒன்றாக முறிந்தன. மெஷின் தொப்பென்று தரையில் இறங்கி, ஒரு கணம் மூச்சு வாங்கியதுபோல நின்று, பிறகு நேர்கிழக்கே, பாலத்தில் ஏறிவிட்டது.

எட்டுப் பேரும் பாலத்தின் இந்த முனைவரை ஓடி, அங்கே சுவர் எழுப்பியிருந்ததுபோல நின்றார்கள். மேளம் நின்றது. அண்ணாச்சி நின்றார். வைத்தியலிங்கம் பரிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே தன் போர்வை கிடந்த டீச்சர் மட்டும் நிற்கவில்லை.

பாலத்தின் நடுவில் வந்தபோதுதான் டீச்சருக்கு உறைத்தது, தான் இந்தப் பாலத்தில் கால்வைப்பது இதுதான் முதல் தடவை என்று. வீட்டிலிருந்து எண்ணி முந்நூறு தப்படி. காலனிப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் கைபிடித்து எழுதப் பழக்கியவள், அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. அதை நினைத்ததும் மணிக்கட்டைவிட அதிகமாக வேறு எங்கோ வலித்தது.

காலனியில் யாரும் மெஷினைக் கும்பிடவில்லை. ஒரு மெஷின் நடந்துவருகிறது, வழியில் சைக்கிள் நிற்கிறது, எனவே சைக்கிளை நகர்த்தி வைத்தார்கள். பட்டறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தேவசகாயத்தின் மனைவி ரூபவதி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, டீச்சர் வீட்டு மெஷின் வருது."

"வரட்டும்" என்றது உள்ளிருந்து தேவசகாயத்தின் குரல். "ரெண்டு மாசம் முந்தியே வந்திருக்கணும்."

மெஷின் பட்டறைக்குள் நுழைந்தது. வேலைமேஜைக்கு முன்னால் போய், அரைவட்டம் அடித்துத் திரும்பி, டாக்டரிடம் முதுகைக் காட்டுகிற நோயாளிபோலப் பின்பக்க மூடியை அவருக்குக் காட்டி நின்று, ஓய்ந்தது.

டீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒன்பது வாரம் மாலை போட்டு, தீர்த்தம் குடித்து, சூரிய நமஸ்காரம் என்று சொல்லி, எட்டு ஆள் வைத்துத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோனார்களே, அது பாவம் மெக்கானிக்கைத் தேடித்தானே புறப்பட்டிருக்கிறது! அவளுக்கு வாய் வராத இடத்தில் அதற்குக் கால் வந்திருக்கிறது.

தேவசகாயம் துணிகளை எடுத்து வெளியே வைத்தார். ரூபவதி அவற்றை உதறி, அண்ணாச்சியின் எட்டு முழ வேட்டியை முதலாவதாக, தன் வீட்டுக் கொடியில் காயப்போட்டாள். முதல் மரியாதை தவறவில்லை. தேவசகாயம் டிரம்மை இறக்கி, வெளித்தொட்டியைப் பிரித்து, இரும்புக் குச்சியை வைத்துச் சுத்தியலால் தட்ட, பழைய பேரிங் இரண்டும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. உருளைகள் தேய்ந்து, சிவந்து, கையில் எடுத்தால் துருவாக உதிர்ந்தன. "இதவச்சா இம்புட்டு தூரம் நடந்துச்சு!" என்றார். அதற்குமேல் அவர் ஆச்சரியப்படவில்லை. உப்புத்தாளால் தண்டைத் தேய்த்து, புதுப் பேரிங்கை அழுத்தி ஏற்றி, புது சீலில் கிரீஸ் தடவிப் பொருத்தினார்.

ரூபவதி டீச்சரிடம் ஒரு தம்ளர் டீயை நீட்டினாள். நீட்டிய கை பாதியிலேயே நின்றது. "புதுத் தம்ளர்தான் டீச்சர். இன்னும் யாரும் குடிக்கல" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு டீச்சருக்கு வந்தது வெட்கம், வேறு பெயர் இல்லை அதற்கு. அந்த வீட்டில் யாரோ ஒருநாள், வராத ஒரு விருந்தாளிக்காக, யாரும் வாய் வைக்காத ஒரு தம்ளரை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தன் வீட்டில் தான் வைத்திருந்ததோ பேப்பர் கப். டீயை வாங்கிக் குடித்தாள். நாக்கு சுட்டது, நிறுத்தவில்லை.

போன் அடித்தது. வைத்தியலிங்கம், பாலத்து முனையிலிருந்து.

"வடிவு, கமிட்டில முடிவாயிருச்சு. துணிய மட்டும் வாங்கிட்டு வந்துரு. மெஷின் அங்கயே கெடக்கட்டும்."

"அண்ணாச்சி வேட்டி இங்க கொடில காயுதுங்க. அதுவும் கெடக்கட்டுமா?"

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கிற சத்தம். டீச்சரே தொடர்ந்தாள்.

"மெஷின் சரியாயிருச்சு. தூக்கியார ஆளு அனுப்புங்க."

"எட்டுப் பேருக்கும் தோள்வலியாம்."

டீச்சர் போனை வைத்துவிட்டு மெஷினைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். இது இங்கே நின்றுவிட்டால் நாளைக் காலையில் கல் காத்திருக்கும், கரண்டி பிடிக்கிற கையும் போய்விடும். ஆனால் வாய் திறந்து கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டால் இவர் வருவார், வந்தால் அந்தத் தெருவில் என்ன நடக்குமோ. காலனி ஆட்கள் தோளில் எதையும் சுமந்து நான்கு தெருவுக்குள் வந்த சரித்திரம் இல்லை. ஒருமுறை ஒரு பாடை மரத்தடிவரை வந்ததற்கே, ஊர் காலனிக்கு மூன்று மாசம் வேலை கொடுக்கவில்லை.

தேவசகாயமும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே பாலத்தின் பக்கம் வெகுநேரம் பார்த்தார்.

"வேண்டாம்ங்க" என்றாள் ரூபவதி, மெல்ல.

"வேலைய அரைகொறையா விடச் சொல்லுதியா?" என்றார் அவர். "பேரிங் மாத்துனா மட்டும் போதுமா? எடத்துல வச்சு, மட்டம் பாத்து, ஓட்டிக் காட்டணும். மட்டம் இல்லன்னா இந்தப் பேரிங்கும் ஆறு மாசத்துல போயிரும். அப்புறம் தேவசகாயம் வேல சரியில்லன்னு எவன் பேரு கெடும்?" பிறகு குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "கரண்டு வேல. செருப்போடதான் வருவேன் டீச்சர்."

"வாங்க" என்றாள் டீச்சர். அவரை அவள் ஒருமையில் அல்லாமல் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

இரண்டு இரும்புக் குழாய், தேவசகாயத்தோடு இன்னும் ஆறு ஆள். குங்குமமும் சந்தனமும் அப்பிய மெஷின், காய்ந்த மாலையோடு, காலனித் தோள்களில் ஏறிப் பாலத்தைக் கடந்தது. பாலத்து முனையில் நின்ற கூட்டம் பின்வாங்கி வழிவிட்டது, வழிவிடாமல் நின்றால் தோள் இடிக்குமே. கொடுக்காப்புளி மரத்தடியில் தேவசகாயத்தின் கால் பழக்கத்தில் நின்றது. வலது கால் இடது செருப்பின் குதியைத் தேடிப் போனது. பிறகு அப்படியே முன்னால் எடுத்து வைத்தார்.

தெருவில் நின்ற ஒருவர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல இருந்தாரோ, அதற்குள் மெஷின் அவர் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. ஒன்பது வாரப் பழக்கம் லேசானதா? அவர் கை அவரைக் கேட்காமலே தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியது. கால் தானாகச் செருப்பை உதறியது. அவர் பக்கத்தில் நின்றவரும் அப்படியே, அவருக்கு அடுத்தவரும் அப்படியே. டீச்சர் வீடு இருந்த கீழத்தெரு நெடுக, வாசல் வாசலாக, நான்காவது தீர்மானம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு போனது. சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி "என்னவே இது..." என்று ஆரம்பித்தவர், இடுப்பில் துண்டோடும் வெறுங்காலோடும் தான் நிற்பதைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார். அந்த அமைதியில் கேட்டதெல்லாம் ஏழு ஜோடிச் செருப்பின் சத்தம், சர் சர் என்று, தெருவின் நடுவில்.

பின்கட்டில் மெஷினை இறக்கிவைத்தார்கள். தேவசகாயம் நான்கு காலையும் திருகி உயரம் சரிபார்த்து, குழாயை மாட்டி, டீச்சர் கொண்டுவந்த அரிசிப்பானைத் துணியையும் கால்மிதியையும் உள்ளே போட்டு ஓடவிட்டார். கூடத்தில் வைத்தியலிங்கம், வாசற்படியில், டீச்சர் கொடியிலிருந்து எடுத்துவந்த தன் வேட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி, அவருக்குப் பின்னால், படிக்குக் கீழே, ஊர்.

"ஒரு தம்ளர் தண்ணி குடுங்க டீச்சர். நெறைய" என்றார் தேவசகாயம்.

டீச்சர் அடுப்படிக்குப் போனாள். பேப்பர் கப் பாக்கெட் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது, கைக்கு எட்டுகிற இடத்தில். அதற்குப் பக்கத்தில் வைத்தியலிங்கம் காலையிலும் மாலையிலும் காப்பி குடிக்கிற எவர்சில்வர் தம்ளர், அவர் பெயர் பொறித்தது. அதைக் கழுவி, விளிம்பு வழிய நிரப்பி, இடது கையால் தாங்கி, சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் அதை வாங்கி மெஷினின் தலையில் வைத்தார். மட்டம் பார்க்க அதுதான் அவருடைய வழக்கம். மெஷின் தண்ணீரை வடித்துவிட்டு வேகம் எடுத்தது, இன்னும் எடுத்தது, உச்சிக்குப் போனது. எல்லோரும் அந்தப் பழைய கர்ஜனைக்குக் காதைத் தயாராக வைத்திருந்தார்கள். மாவு சலிக்கிற அளவுக்கு ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. மெஷின் இருந்த இடத்தைவிட்டு நூலளவும் நகரவில்லை. தம்ளரின் விளிம்பில் நின்ற தண்ணீர் அசையவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

"மட்டம் சரியா இருக்கு" என்றார் தேவசகாயம்.

பிறகு அந்தத் தம்ளரை எடுத்தார். ஆறு பேரோடு கனத்தைத் தூக்கிவந்த தாகம். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வைத்தியலிங்கம் என்ற எழுத்துக்கு மேலே விளிம்பில் வாய்வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். வைத்தியலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மெஷின் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, துண்டு இடுப்பிலேயே இருக்க, பேசாமல் நின்றார்.

"இன்னும் வேணுமா?" என்று கேட்டாள் டீச்சர்.

"குடுங்க" என்றார் தேவசகாயம்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. செருப்பை எப்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதால், யாராவது சொல்லட்டும் என்று, சுடுமண்ணில் கால் மாற்றிக் கால் மாற்றி ஊர் நின்றுகொண்டிருந்தது.